எந்த ஜேம்ஸ் ஃப்ளெட்?

மைமா ஃப்ளெட்டுக்கு வாய் நீளம். ஸ்காட்லாந்தில், பக்கி நகருக்குக் கிழக்கே உள்ள எங்கள் மீன்பிடி ஊரில் அது குற்றமில்லை. ஆனால் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஊருக்கே இணைப்புப் போடுகிறவளுக்கு அது வம்பு. கோடைக்கு வந்த இங்கிலாந்துச் சீமாட்டி ஒருத்தியிடம், "ஆரு வேணும் புள்ள?" என்று கேட்டுத் தொலைத்தாள். சீமாட்டி புகார் எழுதிவிட்டாள்.

எங்கள் பேச்சு ஸ்காட்ஸ். ஒரு காலத்தில் ராஜாக்கள் சட்டம் எழுதிய பாஷை. ராஜா லண்டனுக்குக் குடிபோனார். பாஷை கொஞ்சம் கொஞ்சமாகப் படகுக்கும் அடுப்படிக்கும் இறங்கியது. அதிலும் அடுத்த ஊர்க்காரன் பேசினால் எங்களுக்குச் சிரிப்பு வரும். நாங்கள் பேசினால் அவனுக்கு. தொலைபேசி இலாகாவுக்கு இந்தக் கூத்தெல்லாம் ஆகாது. சுத்த இங்கிலீஷ் வேண்டும், பட்டப்பெயர் கூடாது. புகாரை விசாரிக்க ஆய்வாளர் லமண்ட் ஒரு நாள் வந்து உட்கார்ந்து கேட்பார். மைமா பிசகினால் வேலை போய்விடும்.

போனால் மறுபடி ஹெர்ரிங் மீனுக்குக் குடல் எடுக்கத்தான் போக வேண்டும். உப்பு அரித்த விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இங்கிலாந்தில் யார்மத் துறைமுகம் வரை போய் அந்த வேலை பார்த்தவள் அவள். நினைத்தாலே அழுகை வந்தது.

"நம்ம மைமாவ விட்ருவமா? அன்னிக்கு ஒரு நாள் எல்லாரும் துரைமாதிரி பேசித் தொலைப்போம்" என்றாள் மருத்துவச்சி ஐஸி. ஊரும் தலையாட்டியது. ஊரில் பாதிப் பேர் ஃப்ளெட் என்பதும், வீட்டுக்கு வீடு தாத்தா பேரையே பிள்ளைக்கு வைப்பதால் பட்டப்பெயர் இல்லாவிட்டால் பெரியப்பா மகனையும் சித்தப்பா மகனையும்கூடப் பிரிக்க முடியாது என்பதும் எந்த மண்டைக்கும் உறைக்கவில்லை.

அந்த நாள் வந்தது. லமண்ட் காதில் கருவியை மாட்டிக்கொண்டார். பக்கி ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸி கூப்பிட்டாள்.

"தயைகூர்ந்து கடற்கரைத் தெரு திரு. ஜேம்ஸ் ஃப்ளெட் அவர்களுக்கு இணைப்பு நல்குங்கள்."

"எந்த ஜேம்ஸ் ஃப்ளெட், அம்மையே?"

"திரு. ஜேம்ஸ் ஃப்ளெட்."

அந்தத் தெருவில் ஜேம்ஸ் ஃப்ளெட் இரண்டு பேர். பாவி மகள், பட்டப்பெயரில் சங்கா வாத்தா என்று ஒரு சொல் சொன்னால் என்ன! மைமா கண்ணை மூடிக்கொண்டு ஒருவரின் இணைப்பைச் செருகினாள்.

"தாங்கள் தந்தையாகிவிட்டீர்கள். வாழ்த்துகள்."

மறுமுனையில் ஒரு கிழவர் அலறினார்: "ஆரு, நானா? எழுவது வருசமா ஒண்டிக்கட்டையா கெடக்கேனே!"

"பதற்றம் இயல்பே. தாயும் சேயும் நலம்."

மைமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏ ஐஸி, ஒனக்குக் கூறு இருக்கா? அது வாத்துடி! புள்ள பொறந்தது சங்குக்கு! யோவ் வாத்து, போன வையி, நெஞ்ச அடைச்சிக்கப் போவுது!"

லமண்ட் கருவியைக் கழற்றினார். பேனாவை எடுத்தார். மைமா தன் விரல்களைப் பார்த்தாள்.

அதற்குள் வாத்து தெருவுக்கு ஓடிவந்து, தான் நிரபராதி என்று கத்தியிருக்கிறார். பலகையில் இருந்த அத்தனை இணைப்பும் ஒரே நேரத்தில் அடித்தது. மைமா இரண்டு கையாலும் சங்கின் இணைப்பைத் தேடிக்கொண்டே, "ஐயா, ஒண்ண நீங்க எடுங்க!" என்றாள். லமண்ட் எடுத்தார். ரொட்டிக் கடைக்காரர்.

"மதிப்பிற்குரியவரே, தந்தையானவர் யாரோ?"

"திரு. ஜேம்ஸ் ஃப்ளெட்."

"எந்த ஜேம்ஸ் ஃப்ளெட்?"

"கடற்கரைத் தெரு ஜேம்ஸ் ஃப்ளெட்!"

"அதில் எந்த ஜேம்ஸ் ஃப்ளெட்?"

"சங்குய்யா, சங்கு! வாத்து இல்ல!" என்று கத்தினார் லமண்ட்.

மைமா மெல்லத் திரும்பினாள். சீமாட்டியே கேட்டிருந்தாலும் மெச்சியிருப்பாள், அப்படி ஒரு இங்கிலீஷில் சொன்னாள்: "மன்னிக்க வேண்டும் ஐயா. பட்டப்பெயர் விதிக்குப் புறம்பானது."

லமண்டின் காது சிவந்தது.

"புகாரு எழுதுனா நம்ம ரெண்டு பேரையும் எழுதணும்" என்றாள் மைமா, இப்போது சொந்தப் பேச்சில்.

அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.