யாரென்று முதலில் சொல்லச் சொன்னவர்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது என் வேலை. வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறேன். பழுகாமம் என்ற ஊரில் அன்று வந்த கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாய்க்கால் கரையை வெட்டி மணல் ஏற்றியதை விசாரிக்க வெளிநாட்டவர் ஒருவர் வந்திருந்தார். வயல் மணலால் மூடிப்போன ஒரு பெண், என் தாயின் வயது, அவர் முன்னால் உட்கார்ந்தார். மேசை கதிரை போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார் வட்டை விதானை. அந்த வயல்வெளி முழுவதற்கும் தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் அவர்தான்.

அந்த அம்மா வயலிலிருந்து தொடங்கினார். "வயலெல்லாம் மணலாக் கிடக்கு. வாய்க்கால் கரை வெட்டுப்பட்டுத்தான் மிசின் இறங்கின. மறுகா மழையும் வந்திட்டு."

யார் வெட்டியது என்று குறுக்கிட்டார் வந்தவர். அம்மா மறுபடியும் மணலுக்கே போனார். பேனையால் மேசையைத் தட்டி, செய்தவனை முதலில் சொல்லச் சொல் என்று என்மேல் பாய்ந்தார் அவர்.

அவருடைய மொழியில் செய்தவன் முன்னால் வந்தாக வேண்டும். வரட்டும், யார் வேண்டாமென்றது? என் காத்தான்குடித் தோழி ஓதும் அரபில் பல இடங்களில் வினை முந்தி வருகிறது, ஆள் பிறகு வருகிறார். எங்கள் தமிழில் ஆளை முன்னால் வைக்கலாம், பின்னால் தள்ளலாம், சொல்லாமலே விடலாம். அந்த ஆள் எதிரில் நிற்கும்போது பொருளில் தொடங்கிச் சுற்றி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் மரியாதையும் உண்டு, பயமும் உண்டு. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு யாரென்று தெரியாது என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்தார்.

வாகனக் கதவைத் திறந்துவிட விதானை முன்னால் ஓடினார். அவர் நகர்ந்த பிறகுதான் அம்மா முடித்தார்.

"வெட்டச் சொன்னது விதானையார்தான், மகள்."

வந்தவரை மறித்து, ஒரு பக்கமாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் கேட்டபடியே ஆளை முன்னால் வைத்துச் சொன்னேன். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? எல்லோரும் பார்க்க விதானையை நோக்கி விரலை நீட்டி, இவரா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார். படித்த மனிதர்! அந்தக் கேள்வியை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. விதானை சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தார். வந்தவர் அவருக்குக் கைகொடுத்துவிட்டு வாகனத்தில் ஏறினார்.

அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"இனி என்ட வயலுக்குத் தண்ணி வராது" என்றார்.