'நிழல் வாடகை' நாவலின் முடிவைத் தேடிச் சபாக் வரை

மலேசியாவில் தமிழில் புதிதாக ஓர் அறிவியல் புனைகதை கிடைக்குமா என்று தேடுவது கொஞ்சம் அசட்டுத்தனமான வேலை. எனக்கு அந்த அசட்டுத்தனம் நிறையவே உண்டு. போன மார்ச் மாதம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பழைய நூல் வெளியீட்டுப் படம் ஒன்று வந்தது. மாலை, பொன்னாடை, எல்லார் கையிலும் பச்சை அட்டைப் புத்தகம். 'நிழல் வாடகை', கெட்டுப்போன எதிர்காலத்தைப் பற்றிய நாவல், எழுதியவர் ஜெராம் எஸ்தர் என்று கீழே ஒரு வரி. கடை கடையாகக் கேட்டேன், இல்லை. அச்சடித்த முந்நூறும் விழா நாளிலேயே தீர்ந்துவிட்டதாம். முந்நூறு பேரில் ஒருவர்கூடவா இரவல் தரமாட்டார் என்றுதான் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கிள்ளானிலிருந்து புறப்பட்டேன். கோலா சிலாங்கூருக்கு 45 கிலோமீட்டர், டோல் கிடையாது, லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததில் ஒரு மணி நேரம் ஆனது. தோசையும் தேநீருமாகப் பசியாற ஆறு வெள்ளி. படத்தைப் போட்ட காளிதாஸ் அங்கேதான் இருக்கிறார், சங்கச் செயலாளர். புத்தகம் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், கோப்பைகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. பிரமுகர் கையால் வாங்கியதாம், வெளியே எடுக்க மனமில்லை.

நம் ஊர் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்தில் மொய் வைப்பதுபோல் உறையில் பணம் போட்டு, வரிசையில் நின்று, மேடையேறி, புத்தகத்தை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு, மீகூன் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். எழுதியவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை அதோடு முடிந்துவிடும். காளிதாஸ் நல்ல மனிதர். தன் மச்சான் முனியாண்டி வீட்டில் இரண்டு பிரதி இருக்கிறது, புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாக உறை வைத்தார்கள் என்று வழி சொல்லி அனுப்பினார்.

முனியாண்டி வீடு சபாக்கில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடமைப்பில். அங்கிருந்து இன்னும் 72 கிலோமீட்டர். சனிக்கிழமையென்றால் வழியில் நெல்வயல் பார்க்க வரும் சுற்றுலாக் கூட்டம் சாலையை அடைத்துக்கொள்ளும், நேரத்தோடு போய்விடுங்கள். முனியாண்டியின் மனைவி சரோஜா இரண்டில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். திருப்பித் தரவேண்டாம் என்றார். அதையே நான் அவமானமாக எடுத்துக்கொண்டேன், ஏனென்று இன்னும் தெரியவில்லை.

பக்கத்து ஒட்டுக்கடையில் உட்கார்ந்து வாசித்தேன். செம்பனையெல்லாம் போய், கண்ணுக்கு எட்டியவரை சூரியத் தகடுகள் நட்ட சிலாங்கூர். வெயிலில் நின்றால் தோல் வெந்துவிடும். தகட்டுக்கு அடியில் நிற்கலாம், ஆனால் நிமிடக் கணக்கில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். நாயகி ஒரு நிழல் மண்டோர். யார் எவ்வளவு நேரம் நிழலில் நின்றார்கள் என்று பதிவதுதான் அவள் வேலை. ஒருநாள் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பதியாமல் விட்டுவிடுகிறாள். விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். வாங்கிய தேநீர் ஆறிப்போனது தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். தமிழில் இப்படி ஒன்றை நான் வாசித்ததே இல்லை. நூற்று அறுபதாம் பக்கத்தில் 'கதவு திறந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்' என்று வந்தது. அடுத்துப் பின்னட்டை.

மறுபடி சரோஜா வீட்டுக்கு ஓடினேன். மற்றப் பிரதியின் பிளாஸ்டிக்கை அப்போதுதான் கிழித்தார். அதுவும் அங்கேயே நின்றது. காளிதாஸைக் கூப்பிட்டு அலமாரியைத் திறக்கச் சொன்னேன். போனில் உறை கிழிகிற சத்தம் கேட்டது. "அட, ஆமா லா" என்றார்.

புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் எஸ்தரின் எண் இருந்தது. கூப்பிட்டு, முடிவைக் காணோமே என்றேன். வேலையிடத்துக்கு வரச் சொன்னார்.

திரும்பும் வழியில் உள்ள ஜெராமில் மீன் படகுகளுக்கு ஐஸ் போடும் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறார், நாற்பது வயதிருக்கும். நான் போய்ச் சேர ஐந்து மணி. விழாவுக்கு மறுநாளே தவறைப் பார்த்துவிட்டாராம். அச்சகம் விட்டுப்போன பதினாறு பக்கத்தைத் தனியாக அடித்துக் கொடுத்தது. கட்டிலுக்கு அடியில் அந்தக் காகிதக் கட்டை வைத்துவிட்டு, யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்திருக்கிறார். ஒரு வருடம் ஒருவரும் கேட்கவில்லை. போன கிறிஸ்மஸுக்கு வீடு சுத்தம் செய்தபோது பழைய பேப்பர் லோரி வந்தது. மொத்தக் கட்டையும் தூக்கிப் போட்டார். கணினியில் இருந்ததையும் அன்றே அழித்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குழுவில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் எல்லாரும் வந்து வாங்கியிருப்பார்களே என்றேன்.

"வாங்கியிருப்பாங்க அண்ணே. அதையும் கண்ணாடிக்குள்ள வச்சிருப்பாங்க."

முடிவையாவது வாயால் சொல்லுங்கள் என்று கேட்டேன். "கதவத் தொறந்ததும் உள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். "எழுதுனப்ப வந்த வார்த்த இப்ப வரல. சும்மா சொன்னா அது முடிவு இல்ல."

மறுபடி எழுதுங்கள் என்றேன், கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஒரு ஆளுக்காகவா அண்ணே?"

மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் அந்தப் பதினாறு பக்கம் என் கையில் இருந்திருக்கும். வீடு வரும்வரை அதுவே மனதை அரித்தது.

போகிறவர்களுக்கு: போக வர மொத்தம் 235 கிலோமீட்டர், கார் எண்ணெய்க்கு நாற்பது வெள்ளி, ஒரே நாளில் முடியும். ஆனால் பலருக்குப் பயணமே தேவைப்படாது. அந்த விழாவுக்குப் போனவராக இருந்தால் உங்கள் அலமாரியிலேயே பச்சை அட்டையில் ஒன்று நிற்கும். பிளாஸ்டிக்கைக் கிழித்து, நூற்று அறுபது பக்கமும் வாசியுங்கள். பிறகு இரண்டாம் பக்கத்து எண்ணைக் கூப்பிட்டு, உள்ளே உட்கார்ந்திருந்தவர் யார் என்று கேளுங்கள். அவர் எழுதுவாரா, எனக்குத் தெரியாது. இதுவரை கேட்டது நான் ஒருவன்தான்.