அண்ணன் கட்டிய பாலம்

குற்றாலத்து மலையில் மழை கொட்டினால் எங்கள் வீட்டுப் பின்னால் சிற்றாறு உறுமும். இன்று காலை அந்தச் சத்தத்தில், அண்ணனின் பரீட்சை நாள் நினைவுக்கு வந்தது.

அன்று அடுக்களையெல்லாம் நல்லெண்ணெய் மணம். எங்கள் பண்ணையில் உழுத சுடலையின் மகன் முத்தையாவுக்கு அம்மா முதன்முதலாக வீட்டுக்குள் இலை போட்டாள். அண்ணனோடு அதே பரீட்சை எழுதப் போன அவன் கணக்கில் புலி.

முற்றத்தில் நின்ற சுடலையிடம் அப்பா கேட்டார்: "ஏலே, நீ உழுத வயல்ல வெளையுத நெல்லு யாருக்குலே?"

"ஒங்களுக்குத்தான்யா."

"ஒம் மவன் எழுதுத பரீட்சையும் அப்படித்தாம்லே. அவன் தாள்ல எம் மவன் நம்பரப் போடட்டும். எம் மவன் தாள்ல ஒம் மவன் நம்பரப் போடுவான்."

துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி சுடலை தலையாட்டினார். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை.

அண்ணன் தேறினான், படிப்படியாக ஓவர்சியரானான். தோற்றுப்போன முத்தையா எங்கள் வண்டி மாட்டைப் பிடித்தான். போன வருஷம் இந்த ஆற்றுக்குப் பாலம் கட்டியது அண்ணன்தான்.

சன்னல் வழியே பார்க்கிறேன். வெள்ளம் பாலத்தைத் தொட்டுவிட்டது. அக்கரை வயலுக்குப் போக வண்டியில் அப்பா இருக்கிறார். முத்தையா மாட்டை நிறுத்தித் தூண்களையே பார்க்கிறான்.

"ஏன்லே நிக்கே? எம் மவன் கட்டின பாலம்லே. ஓட்டு!"

சுடலையைப் போலவே முத்தையாவும் தலையாட்டுகிறான்.