சுனையில் மிதந்த வரவேற்பு

எங்கள் குலசாமி பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மலைக்கோட்டைக்குள் இருக்கிறது. கோட்டை என்றால் இடிந்த மதிலும், சாய்ந்த கொத்தளமும், பாறைக்கு நடுவே ஒரு சுனையும்தான். மகள் காய்ச்சலில் துவண்டு கிடந்தபோது, பிழைத்தால் முதல் முடியை அங்கே இறக்குவதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள். அந்தச் சுனைத் தண்ணீரில்தான் குழந்தையின் தலையை நனைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அதை அவளே கை நிறைய அள்ளிக் குடித்திருக்கிறாள்.

ஏறும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டேன். கொத்தளத்துக்குள் மூத்திர நாற்றம். மதில் முழுக்க பெயின்ட்டில் காதலர் பெயர்கள், நடுவில் அம்பு விட்ட இதயம். கால் வைக்கிற இடமெல்லாம் உடைந்த பீர் பாட்டில். படையெடுப்புகளைத் தாங்கிய சுவர் ஞாயிற்றுக்கிழமைகளைத் தாங்கவில்லை. ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பைக்கில் வருகிற பயல்களை வழியெல்லாம் திட்டித் தீர்த்தேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள்.

சுனையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பாசிமேல் ஃபோம் தட்டுகள், ஊறிப் புழுத்த சோறு, எலும்பு. நடுவில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் குப்புறக் கிடந்தது. அதை எடுத்துப் போட்டால் அடியில் கொஞ்சம் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று குச்சியால் இழுத்தேன். கரையில் புரண்டு விழுந்தது. போன மாதம் இங்கே நடந்த, என் சித்தப்பா பேரனின் காதுகுத்துப் பேனர். வரவேற்கும் உறவினர் வரிசையில் நான் கூலிங்கிளாஸ் போட்டுக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்று நானும் இங்கேதான் சாப்பிட்டேன்; அவள் இண்டூரில் தாய்வீட்டில் இருந்தாள்.

சாமி சோறு மலை இறங்கக் கூடாது என்பது எங்கள் பங்காளிகள் வழக்கம். தின்றது போக மிச்சம், எலும்பு, இலை எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட வேண்டும். இலையாவது மக்கிவிடும். இப்போது ஃபோம் தட்டும் பேனரும் அதே வழக்கத்தில் சேர்ந்துவிட்டன.

கூட வந்திருந்த அதே சித்தப்பா பாட்டில் தண்ணீரை நீட்டினார். சாமி ஒன்றும் சொல்லாது என்றார். அவள் வாங்கி மகளின் தலையில் ஊற்றினாள். குழந்தை வீறிட்டது. அவளும் அழுதாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

முடி இறக்கி, பொங்கல் சாப்பிட்டு முடித்ததும், சித்தப்பா தட்டுகளைச் சுருட்டிக்கொண்டு சுனைப் பக்கம் நடந்தார். அவள் போய் அவர் கையிலிருந்து வாங்கினாள். சுனையில் கைக்கு எட்டியவற்றையும் அள்ளி, எல்லாவற்றையும் அந்தப் பேனரில் கொட்டி மூட்டையாகக் கட்டி, என் முன்னால் வைத்தாள்.

"இதுல இருக்கறது உங்க மூஞ்சிதானுங்க. நீங்களே வூட்டுக்குத் தூக்கிட்டு வாங்க."

சாமிகுத்தம் ஆகிவிடும் என்று சித்தப்பா முணுமுணுத்தார். நான் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அழுகல் தண்ணீர் வழிந்து சட்டை முதுகோடு ஒட்டியது. அடிவாரம் வரை எவனையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை.