‘மறந்துவிட்டேன்’ என்று எழுதச் சொன்னார்கள்

எண்பத்தேழாம் வருடம், ஆடி மாதம். திருச்சி பாலக்கரையில் பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட ஒரு நர்சிங் ஹோமில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வீடு பக்கத்திலேயே, சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தெருவில். காலை மணி அடிக்கும்போது கிளம்பினால் அடுத்த மணிக்குள் வார்டில் இருப்பேன்.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதனால் ஆஸ்பத்திரியில் நிரப்ப வேண்டிய எந்த பாரம் வந்தாலும் என்னிடம்தான் வரும். டாக்டருடைய இன்சூரன்ஸ் பாரத்தைக்கூட மூன்று வருடமாக நான்தான் நிரப்பி வந்தேன். சிகிச்சையில் தவறு நடந்ததாக யாராவது வழக்குப் போட்டால் டாக்டருக்குக் கைகொடுக்கும் பாலிசி அது. போன வருடத் தாளைப் பார்த்து இந்த வருடத் தாளில் எழுதுவேன். எழுத்து கோணாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை.

அந்த ஆடியில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் அம்மாள் காய்ச்சலும் தொண்டைப் புண்ணுமாக வந்து சேர்ந்தார். டாக்டர் பென்சிலின் ஊசி எழுதினார். பென்சிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் முதலில் டெஸ்ட் டோஸ் என்று முன்கையில் தோலுக்கடியில் ஒரு சொட்டு மருந்தைப் போட்டு, அந்த இடத்தைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் வட்டம் வரைந்து, பக்கத்திலேயே நேரத்தையும் எழுதி வைப்போம். அரை மணி நேரத்தில் வட்டத்துக்குள் தடிப்போ சிவப்போ வராவிட்டால்தான் முழு ஊசி. அந்த அம்மாளுக்கும் அப்படித்தான் செய்தேன். வட்டம் சுத்தமாக இருந்தது. கேஸ் ஷீட்டில் எழுதினேன். பிறகு ஊசி போட்டேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அந்த அம்மாளுக்கு மூச்சு முட்டியது, உதடு வீங்கியது, நாடி கைக்கே அகப்படவில்லை. சோதனையில் தேறியவர்களுக்கும் அபூர்வமாக இப்படி ஆவதுண்டு. டாக்டர் ஓடி வந்தார். மாற்று ஊசிகள், ஆக்சிஜன் என்று இரண்டு பேரும் போராடி அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினோம். மாதாவே, மாதாவே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு நாளில் அவர் பிழைத்து எழுந்துவிட்டார் என்று தகவல் வந்தபோது, உட்கார்ந்து அழுதேன்.

பிழைத்தார், சரி. மூன்றாவது வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. டெஸ்ட் டோஸ் போடாமலே ஊசி போட்டார்களாம். நஷ்டஈடு தர வேண்டுமாம். அதோடு, என் பெயரை நர்ஸ் பதிவிலிருந்தே நீக்கச் சொல்லி நர்சிங் கவுன்சிலுக்கும் எழுதப்போகிறார்களாம். பதிவு போனால் எந்த ஊரிலும் நான் நர்ஸ் இல்லை. எனக்கு வேறு வேலை தெரியாது, வேறு வேலை செய்ய ஆசையும் இல்லை.

நர்சிங் ஹோமின் மேனேஜர் டாக்டருடைய மச்சான். அவர் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு டைப் அடித்த தாள் ஒன்றை நீட்டினார். ‘டெஸ்ட் டோஸ் போட மறந்துவிட்டேன். முழுப் பொறுப்பும் என்னுடையதே’ என்று இருந்தது.

“சிஸ்டர், ஒண்ணும் யோசிக்காதீங்க. கேஸ் ஷீட்ல நீங்க எழுதினதைப் பின்னாடி சேர்த்ததுன்னு சொல்லிடுவாங்க. இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டா டாக்டர் பேரு தப்பிச்சிடும். மத்ததை இன்சூரன்ஸ்காரங்க பாத்துக்குவாங்க” என்றார்.

பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன், பொய் சொல்லவில்லை. ஆறு வருடம் சோறு போட்ட இடம் ஆயிற்றே. ஆனால் அந்த ‘மறந்துவிட்டேன்’ என்ற சொல்லைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்திருக்கிறேன், குடையை பஸ்ஸில் மறந்திருக்கிறேன், வட்டம் போட மறந்ததில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையிலேயே கன்டோன்மென்டில் இருந்த இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போய் நின்றேன். கவுன்டரில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகத்தைச் சுளித்தாள். “ஒருத்தர் பாலிசியைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட சொல்ல மாட்டோங்க” என்றாள். நான் நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டது. என்னை அனுப்பினால் போதும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். “எல்லாருக்கும் ஒரே அச்சுதான். இந்த வெத்துப் பாலிசியை எடுத்துட்டுப் போய்ப் படிச்சுக்கோங்க” என்று ஒரு தாளைத் தள்ளினாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

பொடிப் பொடியான ஆங்கிலம். பக்கத்து வீட்டுக் காலேஜ் லெக்சரரிடம் அகராதியை இரவல் வாங்கி, சாப்பாட்டு வேளையில் டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். ஊறுகாய் எண்ணெய் பட்டு இரண்டு வரி மறைந்தே போனது. ஆனால் இரண்டு இடங்களைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒன்று, அந்தப் பாலிசி டாக்டருக்கு மட்டும் இல்லை. அவர் சொல்படி வேலை செய்கிற, தேர்ச்சி பெற்ற உதவியாளர்களுக்கும் உண்டு, பட்டியலில் பெயர் இருந்தால். இரண்டாவது, கம்பெனியின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் யாரும் தப்பை ஒப்புக்கொண்டு எழுதித் தரக் கூடாது. தந்தால் கம்பெனி கைகழுவிவிடலாம்.

அகராதியை மூடியதும் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே ஒரு சந்தேகம் வந்தது. பட்டியலில் என் பெயர் இருக்கிறதா? அதை எழுதியதே நான்தான். ஆனால் போன வருடத் தாளைப் பார்த்து அப்படியே எழுதுகிறவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? நான் சேருவதற்கு முன்பிருந்த நர்ஸுகளின் பெயர்களையே வருடா வருடம் எழுதிக்கொண்டிருந்தேனோ என்னவோ!

சாயங்காலம் டாக்டரும் மேனேஜரும் ஆபீஸ் அறையில் இருந்தார்கள். நானே கதவைத் தட்டி உள்ளே போனேன்.

“இதுல நான் கையெழுத்து போட்டா எனக்கு மட்டும் இல்லை சார், டாக்டருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் போயிடும்” என்றேன்.

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஊசி போடுற வேலையைப் பாருங்க சிஸ்டர். சட்டமெல்லாம் உங்களுக்கு எதுக்கு?”

எண்ணெய்க் கறையோடு தாளை டாக்டர் முன்னால் வைத்து, அந்த வரிகளின் மேல் விரலை வைத்தேன். அவர் நல்ல மனிதர், பயந்த சுபாவம். ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். “மச்சான், பாலிசி பைலை எடுங்க” என்றார்.

பீரோ திறந்தது, பைல் வந்தது. கடைசித் தாளில் பட்டியல் இருந்தது. முதல் வரி தலைமை நர்ஸ். இரண்டாவது, கல்யாணமாகிப் போய்விட்ட ஒருத்தி. மூன்றாவது, குவைத்துக்குப் போன ஒருத்தி. நாலாவது வரியில் என் பெயர், என் பதிவு எண், என்னுடைய அச்செழுத்து! என்னைக் காப்பாற்றுகிற வரியை நானே மூன்று வருடமாக எழுதி வந்திருக்கிறேன், அது என்னவென்று தெரியாமலே.

டாக்டர் அன்றே நடந்ததை நடந்தபடி கம்பெனிக்கு எழுதினார். என் பெயரும் டாக்டர் பெயரும் ஒரே பக்கத்தில் நின்றன. மேனேஜர் அந்த டைப் அடித்த தாளைக் கிழிக்கப் போனார். “அதை எனக்குக் குடுங்க சார்” என்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் கம்பெனியின் வக்கீலும் அவர்கள் அனுப்பிய டாக்டர் ஒருவரும் விசாரிக்க வந்தார்கள். ஸ்ரீரங்கத்து அம்மாளும் கணவரோடு வந்திருந்தார். கணவர் திருவெறும்பூர் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். டெஸ்ட் டோஸ் போடவே இல்லை, நேராக ஊசிதான் என்று அவர் அடித்துச் சொன்னார். அவரும் பொய் சொல்லவில்லை. அந்த அரை மணி நேரமும் மருந்துக் கடையில் நின்றிருக்கிறார், அவர் திரும்பி வந்தபோது நான் முழு ஊசியோடு நின்றிருக்கிறேன்.

வந்திருந்த டாக்டர் அந்த அம்மாளைப் பார்த்து, “பெரிய ஊசிக்கு முன்னாடி கையில எதுவும் போட்டாங்களாம்மா?” என்று கேட்டார்.

“போட்டாளே!” என்றார் அந்த அம்மாள். “சின்ன ஊசி போட்டுட்டு, பேனாவால வட்டம் போட்டு மணி எழுதினா. கையிலே என்ன கோலம் போடறேள்னு நான்கூடக் கேட்டேனே! அந்த ஆஸ்பத்திரியிலே உடம்பு துடைச்சப்பறமும் மை போகலை. என் நாத்தனார்கிட்ட காட்டினேன்.”

கணவர் திரும்பிப் பார்த்தார். “எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ?”

“நீங்க எங்கே கேட்டேள்? நேரே வக்கீலாத்துக்குன்னா போனேள்!”

வக்கீல்கூடச் சிரித்துவிட்டார். அழுத்தி எழுதும் என் பழக்கத்தை எல்லோரும் கேலி செய்வார்கள், அன்று அதுதான் எனக்குச் சாட்சி சொன்னது. நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். கவுன்சிலுக்குக் கடிதமும் போகவில்லை. போகும்போது அந்தக் கணவர் என்னிடம் வந்து, “மனசுல வெச்சுக்காதீங்கோ” என்றார். நான் வைத்துக்கொள்ளவில்லை. அன்று மத்தியானம் நர்ஸுகள் எல்லோரும் சேர்ந்து மலைக்கோட்டைப் பக்கத்திலிருந்து அல்வா வரவழைத்துச் சாப்பிட்டோம். மேனேஜருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

மறுவருடம் பாரம் வந்தது. இந்தத் தடவை முதலில் படித்தேன். ஊரைவிட்டுப் போனவர்கள் பெயரை எடுத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களின் பெயரைச் சேர்த்தேன். அவரவர் வரியை அவரவரைப் படிக்க வைத்த பிறகுதான் டாக்டரிடம் கொடுத்தேன். ஸ்ரீரங்கத்து அம்மாளும் ஒரு நாள் காலில் ஆணி குத்தி, தடுப்பூசிக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டி, “இதுக்கு வட்டம் வேண்டாமா?” என்றார்.

அந்த டைப் அடித்த தாள் இன்னும் என் பெட்டியில் சான்றிதழ்களோடு இருக்கிறது. வாழ்க்கையில் எத்தனையோ தாளில் அழகழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்வது, கையெழுத்துப் போடாத அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான்.