கிள்ளான் வண்டியில் சாமி ஏறவில்லை

எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவதற்கெல்லாம் அதுதான் காரணம். என் கணவருக்கு நேர்மாறான குணம். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீட்டில் நாங்கள் குடியிருந்த பதினோரு வருஷத்தில் அவர் குரலைப் பக்கத்து வீட்டார்கூடச் சரியாகக் கேட்டதில்லை. என் குரலைக் கேட்காத வீடு அந்த வரிசையிலேயே இல்லை.

அவருக்கு ஸ்டேஷனை ஒட்டிய யார்டில் வேலை. பாயிண்ட்ஸ்மன் என்பார்கள். லீவரை இழுத்து, எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டுமோ அதில் திருப்பிவிடும் வேலை. கிள்ளான் வண்டி, ரவாங் வண்டி, சாலாக் செலாத்தான் பக்கம் போகிற கூட்ஸ் வண்டி எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போகும். மழையில் நின்று நின்று நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். இருமல் நிற்கவில்லை. ரத்தம் வந்த பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சயரோகம் என்றார்கள். இரண்டு மாதம் வைத்திருந்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா, நல்லா சாப்பிடக் குடு" என்று மருந்து கொடுக்கும் டிரெசர் அனுப்பிவிட்டார். மருந்தைச் சொல்லாமல் சாப்பாட்டைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரியாததுபோல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவர் கேட்டார்: "சாமியக் கூட்டிட்டு வர்றியா புள்ள? அவஸ்தை வாங்கிக்கிறேன்."

எங்கள் கத்தோலிக்க வழக்கில் பாதிரியாரைச் சாமி என்போம். கடும் நோயில் கிடப்பவரிடம் அவர் வந்து, செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்டு, ஆண்டவரே எழுந்தருளும் அப்பமான நன்மையைக் கொடுத்து, மந்திரித்த எண்ணெயைக் கண், காது, வாய், கை, கால் என்று பூசுவார். அதற்கு அவஸ்தைப் பூசுதல் என்று பேர். நோயாளிக்குத் தைரியமும் ஆறுதலும் தருவதற்குத்தான் அது ஏற்பட்டது என்று ஞானோபதேசத்தில் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் மனப்பாடம் வேறு, லயத்துப் பயம் வேறு. எண்ணெய் பட்டால் ஆள் பிழைக்காது என்பது எங்கள் ஆட்களிடம் ஊறிப்போன எண்ணம். மேல்மூச்சு வாங்குகிற வரையில் காத்திருந்து, கடைசியில்தான் சாமிக்கு ஆள் அனுப்புவோம். அவர் ஓடி வந்து பூசுவார். ஒரு மணி நேரத்தில் உயிர் போகும். பார்த்தாயா, எண்ணெய் பட்டதும் போய்விட்டது என்போம். எங்கள் வரிசையிலேயே அப்படி மூன்று பேரைப் பார்த்திருந்தேன். சாமிக்கு முன்னால், கோவிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோவில்பிள்ளை சின்ன மணியை ஆட்டிக்கொண்டு வருவார். அந்தச் சத்தம் எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் அன்றைக்குச் சாவு.

ஆகவே நான் பொய் சொன்னேன். "சாமி கிள்ளானுக்குப் போயிருக்காருங்க. தோட்டமெல்லாம் சுத்திட்டு அடுத்த வாரந்தான் வருவாராம்."

"சரி, வரட்டும்" என்றார்.

அடுத்த வாரம் சாமி வந்த உடனே மறுபடியும் கிள்ளானுக்குப் போய்விட்டார் என்றேன். அதற்கடுத்த வாரம் சாமிக்குக் காய்ச்சல். பிறகு திரும்பவும் கிள்ளான். பதற்றத்தில் வேறு ஊர்ப் பெயர்கூட என் வாயில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "சரி, வரட்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஏன், எப்போது என்று ஒரு கேள்வி கிடையாது.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது சாமியே என்னை நிறுத்தினார். பிரெஞ்சுக்காரர், புத்தகத்தில் இருப்பதுபோலத் தமிழ் பேசுவார். "உன் கணவர் எப்படி இருக்கிறார், மகளே? நான் வந்து பார்க்கட்டுமா?" என்றார். "தேவலைங்க சாமி. கஞ்சி நல்லா குடிக்கிறாரு. அடுத்த மாசம் அவரே கோவிலுக்கு வந்துடுவாரு" என்றேன். கோவில் வாசலில் நின்றுகொண்டு சாமியிடமே பொய். நாக்குக் கூசவில்லை.

சாமி வரும் வீட்டில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், மந்திரித்த மெழுகுதிரி இரண்டு, தீர்த்தம், எண்ணெயைத் துடைக்கப் பஞ்சு எல்லாம் வைக்கவேண்டும். இவற்றை என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே ஒரு தகரப் பெட்டியில் எடுத்து வைத்திருந்தார். பஞ்சைக்கூட உருண்டை உருண்டையாக உருட்டி வைத்திருந்தார். வண்டி வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே கைவிளக்கைத் துடைத்து வைக்கிற ஆள், இதிலும் அப்படித்தான். அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாலே பெட்டியை மூடிவிடுவேன். அது வீட்டில் இருக்கிற வரையில் சாவும் வீட்டுக்குள் இருப்பதாகவே பட்டது. ஒரு நாள் அவர் கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து, அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன்.

அவர்கள் இந்துக்கள். அவள் கணவனுக்கு ரோடு போடுகிற வேலை. என்னைவிடச் சின்னவள். எங்களுக்கு நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்தான். "எங்க கோவில் காரியத்துக்கான துணிம்மா. எங்க வீட்டுல எறும்பு அரிக்குது. கொஞ்ச நாளைக்கு உன்கிட்ட இருக்கட்டும்" என்றேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அவர் தூங்கவே இல்லை. அதுதான் என்னை வதைத்தது. இருமல் ஓய்ந்த நேரத்திலும் கண் திறந்தபடியே இருக்கும். கூரையைப் பார்ப்பார், வாசலைப் பார்ப்பார். யாராவது கதவைத் தட்டினால் தலையைத் தூக்குவார். யார்டுக் கூட்டாளிகள் வந்திருப்பார்கள், அல்லது பாசாருக்குப் போய்வந்த யாராவது கீரையோ முட்டையோ கொண்டுவந்திருப்பார்கள். தலை மறுபடி தலையணையில் விழும். கஞ்சி கொண்டுபோனால் இரண்டு வாய்க்குமேல் இறங்காது. "கொஞ்சம் தூங்குங்களேன்" என்று முதலில் கெஞ்சினேன். பிறகு அதட்டினேன். சாகக் கிடந்த மனுஷனை அதட்டினேன்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் காலையில் சமையல் வேலையாக இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தத் துணி. துவைத்துக் கஞ்சி போட்டு மடித்திருந்தாள்.

"அக்கா, கோவில் துணின்னு சொன்னீங்க. கீழ வைக்க மனசு வரல. எங்க முருகன் படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். எடுத்துக்குங்க."

"இப்ப என்ன அவசரம்?"

"அண்ணன் இதத்தானேக்கா தேடுறாரு? சுவத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேக்குது. நேத்துகூட, துணி எங்க வச்சன்னு உங்ககிட்ட கேட்டாரு. நீங்க பேச்ச மாத்திட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "எங்க வழக்கம் உனக்கு என்னடி தெரியும்? அந்தத் துணிய விரிச்சு சாமி வந்து எண்ணெய் வச்சா ஆளு போயிடும். நானே என் கையால அவர அனுப்பி வைக்கணுமா?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கத்தினேன்.

அவள் பின்வாங்கவில்லை. "அவரு சாகறதுக்குக் கேக்கலக்கா. தூங்கறதுக்குக் கேக்குறாரு" என்றாள். துணியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுப்பை அணைத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடு வெயிலில் கோவிலுக்கு நடந்தேன். சாமி சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "அஞ்சு வாரமா கேக்குறாருங்க சாமி. நான்தான் மறைச்சேன்" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். மணி மட்டும் ஆட்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "வருகிறவர் ஆண்டவர், மகளே. மறைத்துக் கொண்டுவர முடியாது" என்றார். மணி எங்கள் வரிசை முழுக்கக் கேட்டது. எங்கள் சனங்கள் வாசலுக்கு வந்து முழந்தாளிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வெளியே வந்து கைகூப்பி நின்றாள். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையில், இன்றைக்கு இந்த வீட்டில்தான் என்று எழுதியிருந்தது.

பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது மற்றவர்கள் அறையில் இருக்கக்கூடாது. எங்கள் ஏழு வயது மகளைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். வெகுநேரம் ஆயிற்று. பதினோரு வருஷம் கூட வாழ்ந்த என்னிடம் சொல்லாதது அப்படி என்ன இருக்கிறது என்று அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. என்ன சொன்னார் என்று இன்றைக்கு வரை தெரியாது. பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். சாமி எண்ணெய் பூச அவர் கையை விரித்தபோது பார்த்தேன். உடம்பெல்லாம் கரைந்துபோயும், லீவர் பிடித்த காய்ப்பு மட்டும் உள்ளங்கையில் அப்படியே இருந்தது. சாமி அதன்மேல் கட்டைவிரலால் சிலுவை போட்டார்.

எல்லாரும் போனபின் கட்டிலருகே உட்கார்ந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"கிள்ளான்லேருந்து சாமி வந்துட்டாரா?" என்றார். உதட்டோரத்தில் சிரிப்பு.

"என்னங்க சொல்றீங்க?" என்றேன்.

"கிள்ளான் வண்டியில சாமி ஏறவே இல்லன்னு கூட்டாளிங்க மொத வாரமே சொல்லிட்டாங்க புள்ள. நாங்க போய்க் கூட்டியாறோம்னாங்க. நான்தான் வேணாம்னேன்."

"ஏங்க? ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"நீ கூப்பிடாம அவரு வந்து, நான் போயிட்டேன்னு வையி. சாமிதான் கொன்னுட்டாருன்னு சொல்லுவ. அப்புறம் கோவில் பக்கமே தல வைக்க மாட்ட. உன் கோவம் எனக்குத் தெரியாதா? நீயா கூப்பிடணும்னு இருந்தேன்."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். மறுநாள் காலைப் பூசைக்கு மணி அடித்தபோதும் தூங்கிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு தூக்கத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

அவர் அன்றைக்குச் சாகவில்லை. பத்தொன்பது நாள் இருந்தார். நோய் குறைந்ததா என்றால் இல்லை. இருமல் அதே இருமல், ரத்தம் அதே ரத்தம். ஆனால் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கேட்கிற சத்தத்தை வைத்து இது எந்த வண்டி என்று சொல்லிக்கொடுத்தார். கஞ்சிக்குத் துவையல் கேட்டார். "பயம் போயிடுச்சாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். "பயம் எப்ப இருந்துச்சு? பாரம்தான் இருந்துச்சு. எறக்கி வச்சிட்டேன்" என்றார். இருபதாம் நாள் காலையில், சேசு மரி சூசை என்று நான் காதில் செபம் சொல்லச் சொல்ல, உதடு அசைந்தபடி போனார்.

எனக்குக் கடவுள்மேல் கோபம் வரவில்லையா என்றால், வந்தது. நிறைய வந்தது. ஆனால் சாமியைக் கூப்பிட்டது நானே ஆயிற்றே, யாரைக் குற்றம் சொல்ல? திட்டிக்கொண்டே கோவிலுக்குப் போனேன்; போவதை நிறுத்தவில்லை. என் கணவர் நினைத்தது அப்படியே நடந்தது. அந்தப் பத்தொன்பது நாளைப் பார்த்த பிறகுதான், நான் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்ட ஐந்து வாரம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. எல்லாப் பாவத்தையும் சாமியிடம் சொல்லி இறக்கியிருக்கிறேன். இது மட்டும் ஒவ்வொரு தடவையும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறேன். இதயம் பலவீனம் என்கிறார்கள். கால் வீங்கிவிட்டது, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. போன வாரம் மகளிடம், சாமியைக் கூட்டிவா, அவஸ்தை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "சாமி காப்பார் பக்கம் தோட்டத்துக்குப் போயிருக்காரும்மா. அடுத்த வாரந்தான் வருவாராம்."

கோவில் இங்கிருந்து கூப்பிடு தூரம். தினமும் காலையில் பூசைக்கு மணி அடிப்பது என் கட்டிலுக்குக் கேட்கிறது. சாமி இல்லாமல் யார் பூசை வைக்கிறார்கள்?

"சரி, வரட்டும்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான், அந்த இரண்டு சொல்லை வாராவாரம் சொல்ல என் கணவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று விளங்கியது. அன்றிலிருந்து நானும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஐந்து வாரம் காத்திருக்க நான் அவர் இல்லை. அவ்வளவு நல்ல மனசு எனக்குக் கிடையாது. இன்றைக்குச் சாயங்காலம் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் அப்பாவின் கதையைச் சொல்லப் போகிறேன். அழுவாள். என் மகள்தானே, கோபித்துக்கொண்டு எழுந்தும் போவாள். போய் அழுதுவிட்டு வரட்டும். அதன் பிறகு பெட்டியிலிருந்து அந்தத் துணியை எடுத்துத் துவைத்துக் கஞ்சி போடச் சொல்லவேண்டும்.