ஐந்து பள்ளிகளுக்கு ஒரு புத்தக அறை

ஓய்வுபெற்ற தலைமையாசிரியனிடம் எஞ்சுவது அவன் சம்பாதித்த பெயர் ஒன்றே என்று நம்பியவன் நான். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஏரிப் பாசனத்து ஊர்கள் ஐந்தின் தொடக்கப்பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு வாசிப்புப் புத்தக அறை அமைக்கும் பொறுப்பைக் கல்வித் துறை என்னிடம் ஒப்படைத்தபோது, அதில் எவரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதே என் முதல் எண்ணமாயிருந்தது. பிள்ளைகளைப் பற்றிய எண்ணம் அதற்குப் பின்னரே வந்தது. இதை இப்போதுதான் எழுத முடிகிறது.

நடுவிலிருந்த பள்ளியில் வெறுமனே கிடந்த வகுப்பறை ஒன்றுக்குச் சுண்ணாம்படித்து அலமாரிகள் வைத்தோம். புத்தகங்களை நான்கு நிலைகளாகப் பிரித்தேன். இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள் மட்டும் உள்ள மெல்லிய புத்தகங்களுக்கு மஞ்சள் டேப். அதற்கு மேல் பச்சை, நீலம், சிவப்பு. வாசலில் நிற்பவர் கண்ணுக்கும் தெரியும்படி அகலமான டேப்பையே வாங்கச் சொன்னேன். அலமாரி, கயிறு பிடித்து நட்ட நாற்று வயல்போல் இருந்தது.

அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருநாள் தயங்கியபடி என்னிடம் வந்தார். அவர் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. சில மாதங்களில் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடுவாள். அங்கே எவரும் அவளுக்காக அகரத்திலிருந்து தொடங்கப் போவதில்லை.

“சார், டேப்பை உள்ளட்டையில ஒட்டிடலாமா? வளர்ந்த பொண்ணு. மஞ்சள எடுக்கக் கூச்சப்படுது.”

“வெளியே தெரியாத ஒழுங்கு ஒழுங்காகாதம்மா,” என்றேன்.

அவர் சொன்னதன் பொருளைத் தண்ணீர்க் குழாயடியில் வகுப்புப் பிள்ளைகள் இருவர் அவளைக் கேலி செய்தபோது நானே கேட்டிருந்தேன்.

“இன்னாடி, இன்னும் மஞ்சளா? உன் தம்பி புக்கத் தூக்கினு வந்துட்டியா?”

“அவந்தான் பச்சைக்குப் போயிட்டான்பா!”

மறுநாள் அவள் புத்தகத்துக்குக் காலண்டர் தாளில் உறை போட்டுக்கொண்டு வந்தாள். ஆசிரியை பார்த்தும் பாராதவராக இருந்துவிட்டார். சில வாரங்கள் கழித்து, “சார், மூணு பக்கம் தானாவே படிக்குது சார்!” என்று என்னிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

நான் வகுப்புக்குச் சென்றேன். அவளைப் பாராட்டத்தான் சென்றேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது அந்த உறை. வாங்கி, எல்லோர் முன்னிலையிலும் உரித்தேன். “பொதுப் புத்தகத்துக்குச் சொந்த உறை கிடையாது. இது முதல் நிலை. முதல் நிலையாகவே தெரிய வேண்டும்,” என்று உயர்த்திக் காட்டினேன். வகுப்பு சிரித்தது. பிள்ளைகள் சிரிப்பது இயல்புதானே என்று வெளியேறினேன். அன்றிலிருந்து அவள் புத்தகம் எடுக்கவில்லை.

ஆண்டிறுதியில் பள்ளி ஆய்வாளர் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்து, மற்ற கொம்யூன்களுக்கும் இதைக் காட்ட வேண்டும் என்றார். பிறகு ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னார். அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள். வாய் திறக்கவில்லை.

“இந்தப் பிள்ளைக்கு என்ன?”

ஆசிரியை பேசுமுன் நான் முந்திக்கொண்டேன். “வருகை குறைவு ஐயா. கரும்பு வெட்டப் போகும் பெற்றோர் கூடவே அழைத்துப் போய்விடுகிறார்கள்.”

அந்தப் பொய் எவ்வளவு எளிதாக நாவில் வந்தது! கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பற்றி எதைச் சொன்னாலும் எவரும் சரிபார்ப்பதில்லை என்பது என் நாற்பதாண்டு அனுபவம்.

“நான் ஒரு நாளும் லீவு போடல சார்,” என்றாள் அவள். திக்காமல், உரக்கச் சொன்னாள்.

ஆசிரியை வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி என்னைப் பார்த்தார். அவர் அதைத் திறந்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். திறக்கவில்லை. பணிக்கு வந்து இரண்டாண்டுகூட ஆகாதவர். நானோ அந்த வட்டாரத்தில் பாதி ஆசிரியர்களுக்குத் தலைமையாசிரியனாயிருந்தவன். ஆய்வாளர் புன்னகைத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

எங்கள் அறையைப் பாராட்டி அறிக்கை வந்தது. அவள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பாகூர்க் கடைத்தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் அந்த ஆசிரியை எனக்கு வணக்கம் சொல்கிறார். அந்தப் பெண் இப்போது வாசிக்கிறாளா என்று நான் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.